ஒரு பேருந்து, நாற்பது பிள்ளைகள்: வண்டலூரா, வேடந்தாங்கலா, வடநெம்மேலியா, பள்ளிக்கரணையா?

என் பாட்டி கடைசிவரை மிருகக்காட்சி சாலை என்று சொன்னதே இல்லை. 'உயிர் காலேஜ்' என்பாள். எழும்பூர் அருங்காட்சியகம் அவளுக்கு 'செத்த காலேஜ்'. பழைய மெட்ராஸ்காரர்கள் பலருக்கும் இவைதான் பெயர்கள். யார் வைத்தார்களோ தெரியாது, வேடிக்கை பார்க்கும் இடத்துக்குப் போய் காலேஜ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் உயிர் காலேஜில் என்ன படித்தாய் என்று பாட்டியைக் கேட்டால், "புலி கொட்டாவி விட்டுச்சு, பார்த்தேன்" என்பாள். அவ்வளவுதான் படிப்பு.

புலியின் கொட்டாவிக்கு மேல் ஒரு பிள்ளை எதையாவது கற்று வரவேண்டும் என்றால் சென்னையைச் சுற்றி எங்கே கூட்டிப்போவது? மேடவாக்கம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியை. பசுமைப் படைப் பொறுப்பும் என் தலையில்தான். வருஷத்துக்கு ஒரு சுற்றுலாவுக்குத்தான் பணம் சேரும். எட்டாம் வகுப்பு, நாற்பது பேர், ஒரு பேருந்து. விடியக் கிளம்பி இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும். தலைப்பில் உள்ள நான்கு இடங்களுக்கும் வெவ்வேறு வருஷங்களில் பிள்ளைகளோடு போயிருக்கிறேன். இந்த வருஷம் எது என்று முடிவு செய்வதற்காக உட்கார்ந்து எழுதிப் பார்த்ததுதான் இது. உங்கள் பள்ளிக்கோ வீட்டுக்கோ உதவினால் நல்லது.

முதலில், பட்டியலில் சேராத இடங்கள். கிண்டி தேசியப் பூங்கா சென்னைக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். 1978-ல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள், பரப்பு 2.7 சதுர கிலோமீட்டர்தான், ஊருக்கு நடுவில் வெளிமான் மேய்கிறது. ஆனால் காட்டுக்குள் நினைத்தபோது போகமுடியாது. பொதுமக்களுக்குத் திறந்திருப்பது சிறுவர் பூங்காவும், பக்கத்தில் 1972-லிருந்து இருக்கும் பாம்புப் பண்ணையும். சின்னப் பிள்ளைகளுக்கு அரைநாள் போதும், மெட்ரோவிலோ பஸ்ஸிலோ அப்பா அம்மாவே கூட்டிப்போகலாம். பள்ளிப் பணத்தை அதற்குச் செலவழிக்க வேண்டியதில்லை. அடையாறு தொல்காப்பியப் பூங்காவும் நல்ல இடம்தான். குப்பையும் இடிபாடும் கொட்டிக் கெடுத்த 58 ஏக்கர் கழிமுகத்தை மீட்டு 2011-ல் திறந்தார்கள். அடையாறு பக்கத்துப் பள்ளிகளுக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது, எங்களுக்கு அது எதிர்த்திசை. பங்குனி ஆமை முட்டையிடும் மாதங்களில் நீலாங்கரைக் கடற்கரையில் மாணவத் தன்னார்வலர்கள் நடத்தும் ஆமை நடையும் இருக்கிறது. ஆனால் அது நள்ளிரவு வேலை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோரிடம் அனுமதி வாங்கும் தைரியம் எனக்கு இல்லை.

சரி, மிச்சம் இருக்கும் நான்குக்கு வருவோம்.

வண்டலூர்

எங்கள் பிள்ளைகளிடம் ஓட்டெடுத்தால் ஒவ்வொரு வருஷமும் வண்டலூர்தான் ஜெயிக்கும். பெற்றோர் கூட்டத்திலும் அதேதான். அதில் தப்பில்லை. எழும்பூர் அருங்காட்சியகத்தை நடத்திவந்த எட்வர்டு பால்ஃபர் 1855-ல் தொடங்கி, பிறகு சென்ட்ரல் பக்கத்துப் பீப்பிள்ஸ் பார்க்கில் நெருக்கிக்கொண்டு கிடந்த அந்த உயிர் காலேஜ், 1985-ல் வண்டலூர் காப்புக்காட்டில் சுமார் 600 ஹெக்டேருக்கு இடம் மாறியது. கம்பிக்கூண்டு போய் அகழி வந்தது. விலங்குக்கும் நமக்கும் நடுவில் பள்ளம், அதற்கு அப்பால் மரம், புல், நிழல். பாட்டி பார்த்த புலிக்கும் இப்போது இருக்கும் புலிக்கும் வாழ்க்கை வேறு.

பிரச்சினை அந்த 600 ஹெக்டேர்தான். முதல் தடவை நான் செய்த முட்டாள்தனம், எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்று நினைத்தது. பதினொரு மணிக்குள் பிள்ளைகளின் கால் ஓய்ந்துவிட்டது. அதற்குப் பிறகு எந்த அடைப்பின் முன்னாலும் அரை நிமிஷத்துக்கு மேல் யாரும் நிற்கவில்லை. பெயர்ப்பலகையைப் படித்தது இரண்டே பிள்ளைகள், அதுவும் நான் கேள்வி கேட்பேன் என்ற பயத்தில். மறுநாள் கட்டுரை எழுதச் சொன்னேன். "நாங்கள் சிங்கம், புலி, கரடி, யானை ஆகியவற்றைக் கண்டு களித்தோம்." நாற்பது தாளிலும் அதே வரி. வண்டலூருக்குப் போகாமலே எழுதியிருக்கலாம்.

இது எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் குறை மட்டும் இல்லை. லண்டன் மிருகக்காட்சி சாலைக்கு வந்த 2,800-க்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2014-ல் வெளியானது. போவதற்கு முன்னும் வந்த பின்னும் விலங்குகளையும் அவற்றின் வாழிடத்தையும் வரையச் சொல்லி ஒப்பிட்டுப் பார்த்தார்கள். விளக்கிச் சொல்ல அங்கே ஒரு கல்வியாளர் கூட இருந்தபோது 41 சதவீதப் பிள்ளைகளிடம் முன்னேற்றம். தாங்களாகச் சுற்றியவர்களிடம் 34 சதவீதம். அதாவது, நல்லபடி நடத்தினாலும் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் முன்னேற்றம் எதுவும் தெரியவில்லை. இதைப் படித்தபோது மனசு கொஞ்சம் ஆறியது.

இரண்டாம் தடவை வேறு மாதிரி செய்தோம். ஐந்து ஐந்து பேராக எட்டுக் குழு. ஒரு குழுவுக்கு ஒரே விலங்கு, அதன் முன்னால் இருபது நிமிஷம், கையில் நோட்டு. சிங்கவால் குரங்கு கிடைத்த குழு முதலில் அழுதது, பக்கத்தில் புலி இருக்கும்போது குரங்கா என்று. பத்தாவது நிமிஷத்தில் ஒரு பெண், குரங்கு பழத்தை மெல்லாமலே அடைத்துக்கொள்கிறது, கன்னம் வீங்குகிறது என்று கண்டுபிடித்தாள். கன்னத்துக்குள் ஒரு பை இருக்கிறது, அவசரமாகச் சேர்த்துக்கொண்டு போய் உயரத்தில் உட்கார்ந்து நிதானமாகத் தின்னும் என்று அப்புறம் சொன்னேன். ஏன் அவசரம், யாருக்குப் பயம், அதன் காடு எங்கே என்று பேச்சு தானாக மேற்குத் தொடர்ச்சி மலைக்கும், தேயிலைத் தோட்டங்கள் துண்டுபோட்ட வால்பாறைக் காட்டுக்கும் போனது. அந்தக் குரங்கு உலகத்தில் வேறு எங்கேயும் கிடையாது என்றதும் அழுத குழு பெருமையோடு நிமிர்ந்து உட்கார்ந்தது.

வண்டலூரில் எனக்குப் பிடித்த இடம் அகழிகளில் இல்லை, உள்ளேயே இருக்கும் ஓட்டேரி ஏரி. மழைக்காலத்துக்குப் பிறகு வெளியிலிருந்து பறவைகள் தாமாக வந்து இறங்கும். யாரும் பிடித்து வந்தவை இல்லை, டிக்கெட் வாங்கியவர்களில் முக்கால்வாசிப் பேர் திரும்பிப் பார்ப்பதும் இல்லை.

முதல் முதலாக ஒரு பெரிய விலங்கைப் பார்க்கும் வயசுக்கு, மூன்றாவது நான்காவது படிக்கும் பிள்ளைக்கு, வண்டலூரை அடிக்க வேறு இடமில்லை. புகைப்படத்தில் பார்க்கும் யானைக்கும், மண்ணை வாரித் தலையில் போட்டுக்கொண்டு நிற்கும் யானைக்கும் உள்ள வித்தியாசத்தை வேறு யார் சொல்லித் தருவது? செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

எட்டாம் வகுப்புக்கு? அங்கேதான் எனக்கு இடிக்கிறது. விலங்குக்கு என்ன ஆபத்து என்பது அங்கே பலகையில் இருக்கிறது, கண்ணுக்குத் தெரிவதில்லை. எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்ற எண்ணத்தோடு பிள்ளை வீட்டுக்கு வந்துவிடுகிறது.

வேடந்தாங்கல்

இங்கே கதையே தலைகீழ். யாரும் கட்டிய பூங்கா இல்லை. பாசனத்துக்கு வெட்டிய ஒரு சின்ன ஏரி, அவ்வளவுதான். தாங்கல் என்றாலே சிற்றேரி. ஏரிக்குள் நிற்கும் கடம்ப மரங்களிலும் கருவேல மரங்களிலும் பறவைகள் கூடு கட்டும். எச்சம் தண்ணீரில் விழும், அந்தத் தண்ணீர் மதகு வழியாக வயலுக்குப் போகும், உரச் செலவு குறையும். பறவையைக் காப்பாற்ற ஊருக்கு வேறு பாடம் தேவைப்படவில்லை. வெள்ளைக்கார சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட்டபோது ஊர்க்காரர்கள் செங்கல்பட்டு கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். லயனல் பிளேஸ் என்ற அந்தக் கலெக்டர், பறவைகளைக் காக்கும் உரிமையை ஊருக்கே தந்து கவுல், அதாவது உரிமைப் பத்திரம், எழுதிக் கொடுத்தார். ஆண்டு 1798. வனவிலங்குச் சட்டம் வந்தது 1972-ல். ஊர் எவ்வளவு முந்தி என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சுற்றுச்சூழல் பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஆனால் உதாரணம் நன்றாக இருந்தால் சுற்றுலாவும் நன்றாக இருக்கும் என்று அர்த்தமில்லை.

மழை பொய்த்த ஒரு வருஷம் ஜனவரியில் போனோம். முன்கூட்டியே விசாரித்திருக்க வேண்டும், நான் விசாரிக்கவில்லை. ஏரியில் தண்ணீர் குட்டைபோல் நடுவில் கொஞ்சம். வெடித்த மண். மரத்தில் நான்கைந்து நீர்க்காகம். இரண்டரை மணி நேரம் பேருந்தில் குலுங்கி வந்த நாற்பது பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் நிலைமையைப் புரிந்துகொண்டு பக்கத்தில் வந்தார். "ஏரி ரொம்பினாத்தான் பட்சி வரும் கண்ணுங்களா. பட்சி வரலேன்னா எங்களுக்கும் நெல்லு இல்லேன்னு அர்த்தம். இந்த வருஷம் ரெண்டு பேரும் பட்டினி" என்றார். அன்றைக்கு நடந்த ஒரே வகுப்பு அதுதான், ஒன்றரை நிமிஷம். நன்றாகத்தான் எடுத்தார். ஆனால் அதற்காக அவ்வளவு பணம் செலவழித்தோம் என்று தலைமையாசிரியரிடம் சொல்ல முடியவில்லை.

நல்ல மழை பெய்த வருஷத்தில், டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை, அந்த ஏரியைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். நத்தைகுத்தி நாரையும் கூழைக்கடாவும் கரண்டிவாயனும் ஒரே மரத்தில் மாடி மாடியாகக் குடியிருக்கும். அப்பாக்கள் பிள்ளைகளிடம் "இதெல்லாம் ஆஸ்திரேலியாவிலிருந்து வருது" என்று சொல்லிக்கொண்டு போவார்கள். கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பவற்றில் பெரும்பாலானவை நம் நாட்டுப் பறவைகளே. குளிருக்கு ஒதுங்க வடக்கிலிருந்து வரும் வாத்துகள் இங்கே கூடு கட்டுவதில்லை. நம் வீட்டுப் பிள்ளையை விருந்தாளி என்று சொல்வதில் நமக்கு ஏனோ ஒரு ஆசை.

இன்னொரு குறை தூரம். பேருந்திலும் தூரம், கரையிலிருந்து மரமும் தூரம். இருநோக்கி இல்லாமல் போனால் வெள்ளைப் புள்ளியும் கறுப்புப் புள்ளியும்தான். எங்களிடம் இருந்தது மூன்று இருநோக்கி. நாற்பது பேருக்கு மூன்று என்றால், பத்து நிமிஷத்தில் சண்டை. குடும்பமாகக் காரில் போகிறவர்களுக்கு என் ஓட்டு வேடந்தாங்கலுக்குத்தான், மழையை விசாரித்துவிட்டு. பள்ளிப் பேருந்துக்கு இல்லை.

வடநெம்மேலி

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் தாண்டி, மாமல்லபுரத்துக்கு முன்னால். ஊரில் எல்லோரும் முதலைப் பண்ணை என்கிறார்கள். அதை நடத்துகிறவர்கள் வைத்த பெயர் முதலை வங்கி. இந்தப் பெயரில்தான் விஷயமே இருக்கிறது.

தோலுக்காகச் சுட்டுச் சுட்டு நாட்டில் முதலை அருகிப்போன காலத்தில், 1976-ல், ஊர்வன ஆய்வாளர் ராமுலஸ் விட்டேகரும் ஜாய் விட்டேகரும் சில நண்பர்களும் சேர்ந்து எட்டரை ஏக்கரில் தொடங்கினார்கள். கொஞ்சம் சதுப்புநில முதலைகள் முதலீடு. முட்டையிட வைத்து, குஞ்சுகளை வளர்த்து, ஆறுகளுக்குத் திருப்பித் தருவது திட்டம். வட்டியோடு திருப்பித் தருவதால் வங்கி. வட்டி எக்கச்சக்கமாகச் சேர்ந்துவிட்டது. எண்ணிக்கை இரண்டாயிரத்தைத் தாண்டியது. திருப்பிக் கொடுக்கப் போனால், வாங்கிக்கொள்ள ஆறு இல்லை. எந்த ஊர் தன் ஆற்றில் முதலையை விடு என்று கேட்கும்? ஒரு கட்டத்தில் விடுவிப்பதே நின்றுபோய், முட்டைகள் பொரிக்காமல் பார்த்துக்கொள்ளும் நிலைமை வந்தது.

இதை ஒரு பிள்ளைக்குச் சொல்லிப் பாருங்கள். அழியும் விலங்கைப் பெருக்கினால் காப்பாற்றிவிடலாம் என்றுதான் பாடப்புத்தகம் படித்த எந்தப் பிள்ளையும் நினைக்கும். பெருக்குவது சுலபம், இடம்தான் இல்லை என்பது அந்தத் தொட்டிகளின் விளிம்பில் நின்று, கட்டையை அடுக்கியதுபோல் ஒன்றன்மேல் ஒன்று படுத்திருக்கும் முதலைகளைப் பார்க்கும்போது சொல்லாமலே புரிகிறது. "மிஸ், இது பொம்மையா?" என்று ஒருவன் கேட்பான், எல்லா வருஷமும் ஒருவன் கேட்பான். அசையாது. வாய் திறந்தபடி பத்து நிமிஷம் கிடக்கும். கல்லெறிந்து பார்க்கத் தோன்றும் அந்தக் கையைப் பிடித்துக்கொள்வது ஆசிரியர் வேலை. அது சும்மா கிடக்கவில்லை, வாயைத் திறந்து உடம்புச் சூட்டைச் சமன் செய்கிறது என்று சொன்னால் கல் கீழே விழும். முட்டையின் சூட்டைப் பொறுத்துத்தான் குஞ்சு ஆணா பெண்ணா என்பது முடிவாகிறது, 32 டிகிரியை ஒட்டியிருந்தால் ஆண் அதிகம், அதற்குக் கீழே இறங்கினால் பெண் என்று சேர்த்துச் சொன்னால், பூமி சூடாவதைப் பற்றி அடுத்த கேள்வியை அவர்களே கேட்பார்கள். நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

சொம்புமூக்கு முதலையையும் அங்கே பார்க்கலாம். ஆண் வளர்ந்தால் மூக்கு நுனியில் சொம்பு கவிழ்த்ததுபோல் ஒரு குமிழ். சம்பல் ஆறு வரை போய்த் தேட வேண்டிய பிராணி.

ஆனால் நான் வடநெம்மேலிக்குக் கூட்டிப்போவது முதலைக்காக இல்லை. அதே வளாகத்தில் இருக்கும் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்காக. தலைமுறை தலைமுறையாகப் பாம்பு பிடித்துத் தோலுக்கு விற்ற இருளர்களுக்கு, தோல் வியாபாரம் தடையானதும் பிழைப்பு போனது. 1978-ல் சங்கம் உருவானது. இப்போது அதே பாம்பை அனுமதியோடு பிடித்து வந்து, சில வாரம் வைத்திருந்து, விஷம் எடுத்து, மறுபடியும் வெளியில் விட்டுவிடுகிறார்கள். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்று நான்கு வகை. அந்த விஷத்தைக் குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, குதிரையின் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்துத்தான் பாம்புக்கடி மருந்து தயாராகிறது. நாட்டில் இந்த மருந்துக்கான விஷத்தில் பெரும்பங்கு இந்த மக்களின் கையிலிருந்து போகிறது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்பு கடித்து இறந்தவர்கள் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. அந்த எண்ணை மனசில் வைத்துக்கொண்டு அந்தப் பானைகளைப் பாருங்கள்.

பானைகள்தான் முதலில் கண்ணில் படும். வரிசையாக மண்பானை, வாயில் துணி கட்டியிருக்கும், ஒவ்வொன்றின் மேலும் எழுதியிருக்கும். உள்ளே பாம்பு. சங்கத்துக்காரர் ஒருவர் பானையின் துணியை அவிழ்த்து, கம்பியால் வாலோடு லாவகமாக எடுத்து வெளியில் விடுகிறார். தலையைப் பிடிக்கிறார். தோல் கட்டிய கண்ணாடிக் குப்பியின் விளிம்பில் அது கடிக்கிறது. மஞ்சள் எண்ணெய்போல இரண்டு சொட்டு. நாற்பது பிள்ளைகள் மூச்சு விடாமல் நிற்பதை நான் வேறு எங்கேயும் பார்த்ததில்லை. இந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது என்று சொன்னபோது, பின்வரிசையில் ஓர் இருளர் வீட்டுப் பையன் இருந்தான். அதுவரை தன் வீட்டுத் தொழிலை வகுப்பில் அவன் சொன்னதே இல்லை. பேருந்து திரும்பும் வழியெல்லாம் அவன்தான் பேசினான்.

அடுத்த மழைக்காலத்தில் இன்னொரு பையன் வந்து சொன்னான். "மிஸ், நேத்து ராத்திரி வீட்டுக்குள்ள பாம்பு. அப்பா கட்டையை எடுத்துட்டாரு. சாரை தான்பா, விஷம் இல்லைன்னேன். முறத்தால தள்ளி வெளிய விட்டுட்டோம்." எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேர் ஏரிக்கரை ஓரக் குடியிருப்புகளில் இருப்பவர்கள். ஒரு சுற்றுலா வேலை செய்ததா இல்லையா என்று எப்படி அளப்பது என்றால், எனக்கு அந்த முறம் போதும். இருந்தாலும் எல்லாப் பாம்பையும் முறத்தால் தள்ளாதே, தெரியாத பாம்பு என்றால் தீயணைப்புத் துறையையோ வனத்துறையையோ கூப்பிடு என்று அவனுக்கு மறுபடி ஒரு வகுப்பு எடுக்க வேண்டியிருந்தது.

குறை இல்லாமலில்லை. இடம் சின்னது, ஞாயிறு கூட்டத்தில் எதுவும் காதில் விழாது. விஷம் எடுப்பதைக் காட்டும் நேரமும் நாளும் மாறும், தனிக் கட்டணம், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளாமல் போனால் பானையை மட்டும் பார்த்துத் திரும்ப வேண்டியிருக்கும். திங்கட்கிழமை விடுமுறை.

பள்ளிக்கரணை

பட்டியலில் இதைச் சேர்த்ததற்கே ஆசிரியர் அறையில் சிரித்தார்கள். "தினமும் பஸ்ல போற வழி டீச்சர் அது. அதுக்கு எதுக்கு டூர்?" வாஸ்தவம்தான். பல்லாவரம் துரைப்பாக்கம் சாலையில் போகிற எவரும் கழுவெளியை, அதாவது அந்தச் சதுப்புநிலத்தை, இரண்டாகப் பிளந்துகொண்டுதான் போகிறார்கள். ஒரு பக்கம் பெருங்குடிக் குப்பைமேடு, கண்ணாடிக் கட்டடங்கள். இன்னொரு பக்கம் கோரை, தண்ணீர், பறவை. ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேர் அளவுக்குப் பரந்துகிடந்த இடம், பெருமளவு சுருங்கிவிட்டது என்பார்கள். 2007-ல் ஒரு பகுதியைக் காப்புக்காடாக அறிவித்தார்கள். 2022-ல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சுமார் 1,248 ஹெக்டேர் சேர்ந்தது. எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது, அதற்கு எவ்வளவு தள்ளிக் கட்டடம் கட்டலாம் என்பது நீதிமன்றம் வரை போன விஷயம்.

2021-ல் ஓரமாக ஒரு சூழலியல் பூங்காவும் நடைபாதையும் திறந்தார்கள். காலை ஏழு மணிக்கு அங்கே நின்று பாருங்கள். நெடுங்கால் உள்ளான் கூட்டமாக, ரோஜா நிறக் கால்களை எண்ணி எண்ணி வைப்பதுபோல் நடக்கும். நீலத் தாழைக்கோழி கோரையைப் பிடுங்கி ஒற்றைக் காலில் பிடித்துத் தின்னும், நாம் கரும்பு தின்கிற மாதிரி. குளிர்காலம் என்றால் பூநாரையும் வரலாம். அதே பார்வையில், பின்னால், குப்பைமேடு. காற்று திரும்பினால் நாற்றம். வேறெந்தப் பூங்காவிலும் ஆபத்தைப் பலகையில் எழுதி வைக்க வேண்டும். இங்கே எழுத வேண்டிய அவசியமே இல்லை, பறவைக்குப் பின்னாலேயே நிற்கிறது.

எங்கள் பிள்ளைகளுக்கு இது இன்னும் நெருங்கிய விஷயம். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் ஏறிய தெருக்களில் வாழ்கிறவர்கள். தென்சென்னை ஏரிகள் நிரம்பி வழியும் தண்ணீரெல்லாம் இந்தக் கழுவெளிக்குத்தான் வரவேண்டும். வந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கோவளம் கழிமுகத்தில் கடலைச் சேரவேண்டும். தேங்கி நின்று போகும் இடத்தை அடைத்துவிட்டால் அது வீட்டுக்குள் வந்து தேங்கும். நான் சொல்வதற்கு முன்பே ஒரு பெண் சொன்னாள். "எங்க வீடு முன்னாடி ஏரியா மிஸ்?" நான் பதில் சொல்லவில்லை. அவள் வீட்டுப் பத்திரம் எனக்குத் தெரியாது, தெரிந்திருந்தாலும் அவள் அப்பா வாழ்நாள் சேமிப்பில் வாங்கிய மனையைப் பற்றி அந்த இடத்தில் பேசுவது சரியாக இருந்திருக்காது. இந்த இடம் கிளப்பிவிடும் கேள்விகளுக்கு ஆசிரியர் தயாராகப் போகவேண்டும், அதைத்தான் பெரிய குறையாகச் சொல்வேன். மற்றபடி நிழல் குறைவு, பத்து மணிக்கு மேல் வெயில் தாங்காது, விளக்கிச் சொல்ல ஆள் வேண்டுமென்றால் நாமே ஒரு பறவை ஆர்வலரைத் தேடிப்பிடித்து அழைத்துப்போக வேண்டும்.

ஒரு வசதியும் உண்டு. இங்கே பழகிய பிள்ளை வீட்டுக்கு வந்தும் அதைத் தொடரலாம். பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்க நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் கால்மணி நேரம் நின்று எண்ணினால் ஒரு பட்டியல் ஆகிவிடும். எங்கள் பள்ளி மைதானத்தில் எண்ணியதில் காக்காய் முதலிடம், அண்டங்காக்கைக்கும் வீட்டுக் காகத்துக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பதற்குள் மணியடித்துவிட்டது.

இந்த வருஷம்

நான்கையும் எழுதி முடித்த பிறகு எனக்கே ஒன்று தெரிந்தது. வண்டலூரில் பிள்ளைகளுக்கு மிருகம் கிடைத்தது, வேடந்தாங்கலில் ஒரு பெரியவரின் ஒன்றரை நிமிஷம் கிடைத்தது, வடநெம்மேலியில் ஒரு தொழில் தெரிந்த கை கிடைத்தது, பள்ளிக்கரணையில் அவர்கள் தெருவே கிடைத்தது. எட்டாம் வகுப்புக்கு நான் முதலில் தள்ளிவிடுவது மிருகத்தைத்தான். ஏழு வயசில் அது போதும், பதின்மூன்று வயசில் அந்த மிருகத்தை யார், எதற்காக, என்ன விலை கொடுத்து வைத்திருக்கிறார்கள் என்பது தெரியவேண்டும்.

அப்புறம் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது விரல் தானாக ஓடியது. பள்ளிக்கரணைத் தண்ணீர் போகும் வழியிலேயே பேருந்தும் போகலாம். காலை ஏழு மணிக்குக் கழுவெளி, ஒன்பதரைக்குக் கிளம்பி ஒக்கியம் மடுவுப் பாலத்தைத் தாண்டி பழைய மாமல்லபுரம் சாலை, வலப்பக்கமோ இடப்பக்கமோ கால்வாய் எங்கே தெரிகிறது என்று கண்டுபிடிப்பது வழியில் விளையாட்டு. கேளம்பாக்கத்தில் திரும்பி, கோவளம் பக்கம் முட்டுக்காட்டுப் பாலத்தில் தண்ணீர் கடலைத் தொடும் இடத்தைப் பார்த்துவிட்டு, கொஞ்ச தூரம் தெற்கே போனால் வடநெம்மேலி. மத்தியானச் சாப்பாடு, பாம்பு, முதலை. ஐந்து மணிக்குப் பேருந்தில் ஏறினால் ஆறரைக்குப் பள்ளி. இரண்டு இடத்துக்கும் சேர்த்து வேடந்தாங்கலுக்குப் போகும் டீசலைவிடக் குறைவு. கிழமை சனி. விஷம் எடுப்பதைக் காட்டும் நேரத்தைத் தொலைபேசியில் கேட்டுக் குறித்துக்கொண்டாயிற்று. பள்ளிக்கரணையில் பறவைகள் பக்கத்திலேயே இருப்பதால் மூன்று இருநோக்கிகளை வைத்தே சமாளிக்கலாம்.

தலைமையாசிரியர் தாளை இரண்டு தடவை படித்தார். "முதலைப் பண்ணை சரி டீச்சர். குப்பைமேட்டைப் பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டிப்போறோம்னு பெற்றோருக்கு எப்படி எழுதுவீங்க?"

'மழைநீர் போகும் வழி, பள்ளிக்கரணை முதல் கோவளம் வரை' என்று எழுதியிருந்த கடிதத்தை நீட்டினேன். கையெழுத்துப் போட்டுவிட்டு, "எங்க தெருவுலயும் போன தடவை இடுப்பளவு" என்றார். அவரும் வருகிறாராம். பேருந்தில் இனி ஓர் இடம்தான் பாக்கி.